எட்டுனா போதும்

அந்தச் சீட்டின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். சாரதாம்பாள் மறைக்க வேண்டியிருந்தது பின்பக்கத்தைத்தான்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய லாரி, மூவார் படகுத்துறையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து, வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் காஜா பேராங் வந்து சேர்ந்தது. லாரியில் வந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் யூனுஸ். அவன் கையெழுத்துக்காக நீட்டிய சீட்டின் முன்பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்த மூன்று வரி இருந்தது. முள்ளு வண்டி ஒன்று. தூக்கும் உயரம் எட்டு அடி. டெலிபோனில் கேட்டுக்கொண்டபடி.

பின்பக்கம் பென்சிலில், குண்டு குண்டான தமிழ் எழுத்தில் கம்பெனிக் குமாஸ்தாவின் குறிப்பு ஒன்று.

'அம்மா கேட்ட எட்டு அடிக்கு நீளக்கை வேண்டியதில்லை. முள்ளு வண்டியே உறுதி, சேற்றுக்கும் தாங்கும். இப்படிக்கு, கிராணி பொன்னுதுரை.'

அம்மா! அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா அந்தப் புண்ணியவான்? அவள் மாமனாருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

சாரதாம்பாள் சீட்டை நாலாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் படிக்கிறவர்கள் அதற்குள் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

காஜா பேராங்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டும் கான்ட்ராக்டர் மருதமுத்து. ரோடு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்து முன்னுக்கு வந்தவர். மூத்த மகன் தம்பிராஜா அலோர் காஜா பக்கம் ரோடு வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவன் மனைவிதான் நம் சாரதாம்பாள். இளையவன் தேவதாஸ், அப்பாவோடு இதே வேலையில்.

சுவர் பதினாறு அடி எழும்பிவிட்டது. கூரைக்கான பத்து உத்திரங்களும் தரையில் கிடக்கின்றன. ஏற்றத்தான் வழியில்லை. போன மாதம் கயிறு அறுந்து நல்லையா என்ற தொழிலாளியின் கால் முறிந்தபின், இனிமேல் கயிறும் கப்பியும் கூடாது, இயந்திரத்தால் ஏற்று என்று பள்ளிக்கூடக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சனிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் மிச்ச வேலை வேறு ஆளுக்கு என்று கடிதமும் வந்துவிட்டது.

எந்த இயந்திரம்? அங்கேதான் வீடு இரண்டுபட்டது. மருதமுத்துவுக்கு முள்ளு வண்டி. பெரிய டிராக்டர் சக்கரம், முன்னால் இரண்டு இரும்பு முள், சேற்றிலும் மிதித்துப் போகும், பதினாறு பிக்குல், ஏறக்குறைய ஒரு டன், பாரத்தை நேராக மேலே தூக்கும். தேவதாஸுக்கு நீளக்கை வண்டி. யாரோ ஒரு சிங்கப்பூர்ப் பட்டறைக்காரன் பழைய ராணுவ டிராக்டரில் நீண்ட இரும்புக் கை பொருத்திச் செய்தது. தூக்கவும் தூக்கும், முன்னால் நீட்டவும் நீட்டும்.

"நீட்ட நீட்ட பலம் கொறையும்டா! எனக்குத் தெரியாதா?" என்பார் அப்பா.

"கொறையட்டுமேப்பா. வாளியை இடுப்போட வெச்சா ஒரு வாளி, கையை நீட்டிப் புடிச்சா அரை வாளி. முழுசா நீட்டினாலும் அஞ்சு பிக்குல் தூக்குது. நம்ம உத்திரம் மூணு பிக்குல்தான். சுவரை ஒட்டி அஞ்சடி லோங்காங் ஓடுதே, அதைத் தாண்டி முள்ளு வண்டி எப்படிக் கிட்டப் போகும்?" என்பான் மகன்.

அந்தச் சாக்கடை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. மூன்று வாரம் வீட்டில் ஒருவருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருதமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிடா. உன் நீளக்கையவே எடு. எனக்கென்ன வந்துச்சு? சுவரை எட்டுனா போதும். தபாலாபீசுக்குப் போயி நீயே போன் பண்ணு."

தேவதாஸ் போனான். ஆனால் தபாலாபீசுக்குப் போகவில்லை. பாதி வழியில் அண்ணியைப் பிடித்து, "அண்ணி, ஒரே ஒரு ஒத்தாச. நீங்க போன் பண்ணிடுங்களேன். எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

என்ன வேலை என்பது அவளுக்குத் தெரியும். வேலை நடக்கும் மனைக்கு அடுத்த வேலிக்கு அப்பால் கம்போங் செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பு. முதல் வீடு பெரியவர் பாக் வேலுவுடையது. அவர் மகள் சிவகாமி. நாலு மாதமாக இவன் கண் அந்த வேலியிலேயேதான் இருக்கிறது. சிவகாமி கும்பிடுவது நம் சாமியைத்தான், பேசுவது மலாய். "சாமி ஒண்ணா இருந்து என்ன? நாளைக்கு அந்த மருமககிட்ட நான் எந்த பாஷையில கோப்பி கேக்கறது?" என்று மருதமுத்து எப்போதோ ஒரு முறை சொன்னதே, அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்குப் போட்ட பூட்டு.

அன்றைக்கு நல்ல மழை. தேவதாஸ் வீடு திரும்பியபோது போட்டுப் போன சட்டையைக் காணோம், யாருடையதோ வெள்ளை மலாய் பாஜுச் சட்டை போட்டிருந்தான். "லோங்காங்ல விழுந்துட்டேன்" என்றான். கேட்டவர்கள் நம்பினார்கள், அண்ணியைத் தவிர.

அண்ணிக்கும் ஒரு பூட்டு உண்டு. வேலைத் தலத்துத் தகரக் கொட்டகையில் கணக்கு எழுத அவளுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஆட்கள் அவளைக் 'கிராணி அம்மா' என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் அடுப்படியே உலகமாகக் கிடந்தவளுக்கு அந்த நாற்காலி சிம்மாசனம். மாமனார் அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "காகித வேலை மட்டும். வெளியாள்கிட்ட பேச்சு, டெலிபோன், இதெல்லாம் கூடாது. மீறினா மறுநாளே வீட்டோட இருந்துக்கணும்."

மீறினாள். மீறிய லட்சணம்தான் இப்போது லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னா இது?"

மருதமுத்து இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் இரண்டு முள். அதைத் தாங்கும் இரும்புத் தூண், அண்ணாந்து பார்க்கவே அவசியம் இல்லாத உயரம்.

"யூனுஸ், இது எத்தினி அடி தூக்கும்?"

"எட்டடி, முதலாளி. நல்ல வண்டி. சேத்துக்குப் பயப்படாது. நேரா தூக்கச் சொல்லுங்க, யானையையும் தூக்கும். ஆனா கழுத்தை நீட்டாது."

"நாங்க கேட்டது நீளக்கை இல்லியா?"

"எனக்குத் தெரியாதுங்க. போன்ல எட்டடின்னு சொன்னதா சீட்டுல போட்டிருக்கு."

மருதமுத்து மெதுவாகத் திரும்பினார். தேவதாஸ் சிமெண்டு மூட்டைகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எட்டடின்னு சொன்னியாடா?"

தேவதாஸ் அண்ணியைப் பார்த்தான். சாரதாம்பாள் தரையைப் பார்த்தாள். எட்டு என்ற சொல் என் வாயில் வரவே இல்லையே! தபாலாபீஸ் மரக்கூண்டுக்குள் நின்று, கூரையில் மழை கொட்ட, குழாய்க்குள் கொரகொரவென்று இரைச்சல் கேட்க, மூன்று நிமிஷம்தான் பேசினாள். நீளக்கை வண்டி என்றாள். எத்தனை அடி ஏறணும் என்று மறுமுனையில் கிராணி கேட்டான். அடிக் கணக்கைக் கொழுந்தன் சொல்ல மறந்துவிட்டான், அவளும் கேட்க மறந்துவிட்டாள். ஆகவே மாமனார் சொன்னதையே அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சரிங்கம்மா என்று அவன் வைத்துவிட்டான். இதில் எட்டு எங்கிருந்து வந்தது?

"கேக்கறேன்ல? நீதானே போன் பண்ணே?"

"ஆமாப்பா. நான்தான்" என்றான் தேவதாஸ்.

"மூணு வாரம் என் உசிரை வாங்கினியேடா! நீட்டும், தாண்டும், வாளி, இடுப்புன்னு பாடம் நடத்தினியே! கடைசியில நீயே எட்டடின்னு சொல்லிட்டு வந்திருக்கே! யாரைக் கவுக்கப் பாக்கறே?" அவர் குரல் வேலிக்கு அப்பாலும் கேட்டது. "நாளைக்கு உத்திரம் ஏறல, நீ சாயங்காலமே பெட்டியைக் கட்டிக்கிட்டு குளுவாங்குல உன் மாமன் வீட்டுக்குப் போயிடு. ரப்பர் எஸ்டேட்டுல பால் எடு. இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே."

சொன்னால் செய்கிற மனிதர். அதுதான் பயம்.

"சாரதா, அந்தச் சீட்டைக் கொடும்மா."

அவள் கை தானாகப் பின்னால் போனது. "இங்கிலீஷுல இருக்கு மாமா. நான் படிக்கிறேன்" என்று முன்பக்கத்தை மட்டும் விரித்து, மூன்று வரியையும் தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி மடித்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்றைக்கு அவளிடம் கேட்டிருக்கலாம்.

கொட்டகைக்குப் பின்னால் தேவதாஸ் அவளை மடக்கினான்.

"அண்ணி, வாயைத் தெறக்காதீங்க."

"தம்பி, தப்பு உங்கமேல வந்து விழுது. நான் பாத்துக்கிட்டு நிக்கறதா?"

"நீங்க பேசினதுன்னு சொன்னா அடுத்த கேள்வி என்னா வரும்? அப்ப இவன் எங்க போனான்னு வரும். அந்தக் கேள்விக்கு நான் குளுவாங்கே போயிடுவேன். பாக் வேலு மானஸ்தர் அண்ணி. எங்கப்பா வேலியில நின்னு கத்தினார்னா அந்தப் புள்ளையை அன்னிக்கே வேற எடத்துல பேசி முடிச்சிடுவாரு."

"குளுவாங் போயிட்டா மட்டும் அந்தப் பொண்ணு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவன் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், அழுதுவிடுவான் போல இருந்தது. இருபத்து நாலு வயசு ஆண்பிள்ளை!

பேசினால் அவள் நாற்காலி போகும், அவன் ரகசியம் போகும். பேசாவிட்டால் அவனே போய்விடுவான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது நடுவில் ஓட ஒரு சாண் குச்சி இருக்கிறது. சாரதாம்பாளுக்கு அதுகூட இல்லை.

பத்து மணிக்கு மருதமுத்து ஒரு யோசனையோடு வந்தார். தோற்றுப்போனேன் என்று சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை.

"இந்த வண்டியே போதும். எட்டடி இது தூக்கட்டும். சுவரோட கட்டியிருக்கற சாரத்துல ஆறு பேர் நின்னு வாங்கிக்கட்டும். மிச்சம் எட்டடியை அங்கேருந்து படிப்படியா ஏத்திக்கலாம். வண்டி லோங்காங் ஓரத்துக்கு வந்தா போதும்."

"ஓரத்துக்கு வேணாம், முதலாளி. அது வயல் மண்ணு. சக்கரம் உள்ள போயிடும்" என்றான் யூனுஸ்.

"உத்திரத்தோட போனாத்தானே? மொதல்ல நான் ஏறிப் பாக்கறேன். நான் என்ன ஒண்ணரை பிக்குல் இருப்பனா? சாரதா, நீ சாரத்துல ஏறி டேப்பைப் புடி. எடைவெளி எத்தினின்னு எழுதிக்க."

மருதமுத்து முட்களின்மேல் போட்ட பலகையில் ஏறி, இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, மெர்டேக்கா சுதந்திர ஊர்வல லாரியில் நிற்கிறவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். செங்கல் சுமக்கிற பெண்கள் ஏறும் பலகைச் சரிவு வழியாகச் சாரதாம்பாள் சாரத்துக்கு ஏறினாள். யூனுஸ் பிஸ்மில்லா சொல்லி வண்டியை நகர்த்தினான்.

வண்டி ஓரத்துக்கு வந்தது. முள் உயர்ந்தது. மூன்றடி, ஐந்தடி, எட்டடி. மருதமுத்துவும் மருமகளும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். நடுவில் வெறும் காற்று. கீழே சாக்கடை, அதில் நட்டு வைத்த கான்கிரீட் கம்பிகள்.

"அளந்து பாருடி" என்றார்.

அவள் டேப்பை நீட்டுவதற்குள் களுக்கென்று ஒரு சத்தம். வயல் மண் வாயைத் திறந்து முன் சக்கரம் இரண்டையும் முழங்கால் ஆழம் விழுங்கியது. இயந்திரம் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தது. என்ஜின் இருமிவிட்டு நின்றது. மருதமுத்து இரண்டு கையாலும் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டார்.

"யாரும் கிட்ட வராதீங்க!" யூனுஸ் குதித்து இறங்கிக் கத்தினான். "ஏணி கீணி சாய்ச்சிடாதீங்க! அந்த பாரத்துக்கே வண்டி லோங்காங்குக்குள்ள போயிடும். முள்ளை எறக்கினாலும் ஆட்டம் குடுக்கும். மொதல்ல சக்கரத்துக்கு அடியில கட்டை குடுக்கணும். முதலாளி, அசையாதீங்க! ஒரு மணி நேரம்!"

"ஒரு மணி நேரமா?" என்றார் மருதமுத்து. அந்தக் குரலில் கான்ட்ராக்டர் இல்லை.

வேலிக்கு அப்பால் சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாக் வேலு வந்து நின்றார். முட்களின் நுனியையும் சாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தா சம்பே லா, முத்து!" என்றார் அக்கறையோடு. எட்டவில்லையப்பா என்று அர்த்தம்.

"எனக்குக் கண்ணு இல்லியா? இவர் வேற!" என்று மருதமுத்து பல்லைக் கடித்தார்.

கீழே கட்டைகள் வந்தன. யார் அடியில் போவது என்ற பேச்சே எழவில்லை. தேவதாஸ் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் குப்புறப் படுத்து, சாய்ந்து நின்ற இயந்திரத்தின் அடியில் தலையை விட்டான். மேலிருந்து அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வண்டி இன்னும் ஒரு சாண் சாய்ந்தால் அந்த முதுகின்மேல்தான் சாயும்.

சாரதாம்பாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவள் செய்த தப்புக்கு எவன் போய்ப் படுத்திருக்கிறான்! அட கடவுளே, அவன் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள்.

"சாரதா." மருதமுத்து அசையாமல் வாயை மட்டும் அசைத்தார். "அந்தச் சீட்டுல சிங்கப்பூர்க்காரன் டெலிபோன் நம்பர் இருக்குமில்ல?"

"இருக்கு மாமா. சொல்லட்டுங்களா?"

"வேணாம். வாய்ப்பேச்சை நம்பித்தான் இங்க வந்து தொங்கறேன். எழுத்தாப் பாக்கணும். சீட்டைக் குடு."

அவள் இடுப்பில் செருகிய சீட்டை எடுத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"என்னாம்மா யோசனை? கையை நீட்டு. நான் அசைய முடியாது. நீதான் நீட்டணும்."

அவள் சாரத்தின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். மடித்த சீட்டு விரல் நுனியில். அவர் விரலுக்கும் சீட்டுக்கும் இன்னும் ஒரு முழம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம். சாயாத, விழுந்துடாத. நுனி விரல்ல எட்டுனா போதும்."

சாரதாம்பாள் நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இப்ப என்னா சொன்னீங்க?"

"எட்டுனா போதும்னேன். காது அடைச்சிருச்சா?"

எட்டுனா போதும்! செவ்வாய்க்கிழமை இவர் வாயிலிருந்து வந்து, மரக்கூண்டுக்குள் அவள் வாய் வழியாக ஓடி, அந்த இரைச்சலில் நனைந்து, சிங்கப்பூரில் பொன்னுதுரையின் காதில் என்னவாக விழுந்திருக்கும்? எட்டுன்னா போதும். எட்டு என்றால் போதும்! ஒரே ஒரு ன் கூடிப்போனது, பதினாறு அடி சரிபாதியாகிவிட்டது. அந்த மனிதனும் நல்ல மனசோடு, வெறும் எட்டடிக்கு இந்த அம்மாவுக்கு எதற்கு நீளக்கை என்று உறுதியான வண்டியாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் எங்கேயோ நடுவில் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாம்மா? பயந்துட்டியா?"

"மாமா, தம்பிமேல தப்பில்ல." கண்ணைத் துடைக்கக் கை இல்லை. "போன் பண்ணினது நான்."

"நீயா?" என்றார் மருதமுத்து, தூணைப் பிடித்தபடி.

"நான்தான் பண்ணினேன். எட்டடின்னு நான் சொல்லல. எத்தினி அடின்னு அந்தக் கிராணி கேட்டாரு. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன். சுவரை எட்டுனா போதும்னு. அவர் காதுல அது எட்டுன்னா போதும்னு விழுந்திருக்கு. பின்னால எழுதியிருக்காரு பாருங்க."

சீட்டை எப்படிக் கொடுப்பது? சாரத்தில் கிடந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்தாள். நுனியைப் பல்லால் பிளந்து, சீட்டின் பின்பக்கம் தெரியும்படி செருகி, இடைவெளியைத் தாண்டி நீட்டினாள். சீட்டு அவர் மூக்குக்கு நேரே போய் நின்றது. கீழே இருந்த நீளக்கைக் கட்சிக்காரன் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, சேற்றில் இருந்தான்.

மருதமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அம்மா' என்ற இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். உதடு மட்டும் அசைந்தது. எட்டுனா. எட்டுன்னா.

"நான் சொன்னதைத்தானா சொன்னே?"

"ஒரு எழுத்துகூட மாத்தல மாமா."

"அப்ப இந்த வண்டியை வரவழைச்சது நான்தானா?"

அதற்கு ஆமாம் என்று சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்? அவள் குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குடி கூத்து" என்றார். சிரித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் மீசை ஒரு பக்கம் ஏறி இறங்கியது. "டெலிபோன் கூடாதுன்னு நான் சொன்னதை மீறினே. அந்த நாற்காலி சங்கதியை வீட்டுல போயிப் பேசுவோம். பையனைக் குளுவாங் அனுப்பறதை விட்டுடறேன். அவன் என்ன செஞ்சான், பாவம்."

சாரதாம்பாளுக்கு உயிர் வந்தது. நாற்காலி போனால் போகட்டும், கொழுந்தன் தப்பித்தான். சாரத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கிறீர்களா? அவர் மூச்சு விட்டு மூச்சு இழுக்கிற நேரம்.

"அது சரி" என்றார் மருதமுத்து. "நான் அவனைத்தானே போகச் சொன்னேன். நீ போன் பண்றப்ப அவன் எங்க இருந்தான்?"

"அது வந்து மாமா, நல்ல மழை. தம்பி எங்கியோ ஒதுங்கி நின்னிருக்கும். சரியா ஞாபகம் இல்ல."

"லோங்காங்ல விழுந்தேன்னான்."

"ஆமா ஆமா. லோங்காங்லதான்."

மருதமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையைத் திருப்பக்கூடிய திசை அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வேலிப் பக்கம். தரையில் நிற்கிற யாருக்கும் அந்த வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. செம்பருத்தி ஆளுயரம் அடைத்து வளர்ந்திருந்தது. எட்டடி உயரத்தில் நிற்கிறவருக்குப் பாக் வேலுவின் கொல்லை முழுவதும் தெரிந்தது. கோழிக்கூடு, கிணறு, கிணற்றடியில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் துணி காயும் கொடி.

அவர் பார்வை கொடியிலேயே நின்றது. சாரதாம்பாளும் எழுந்து பார்த்தாள்.

இரண்டு சாரோங், ஒரு கெபாயா ரவிக்கை, அவற்றுக்கு நடுவில் நீலக் கோடு போட்ட ஓர் ஆண் சட்டை. நன்றாகக் கஞ்சி போட்டு, தோளில் இரண்டு மரக்கிளிப் மாட்டி, அக்கறையாகக் காயப் போட்டிருந்தது. பை கிழிந்து, கறுப்பு நூலால் தைத்த தையல் இங்கிருந்தே தெரிந்தது. நீல நூல் தீர்ந்துவிட்டதென்று கொழுந்தனுக்குக் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். நல்லா இல்லியே என்று அன்றைக்குக் குறை சொன்னவர் மாமனார்தான்.

கீழே மகன் கட்டையை அடிக்கும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"சாரதா. அந்தக் கொடியில காயறது யாரு சட்டை?"

அவள் பலகைச் சரிவைத் திரும்பிப் பார்த்தாள். சாரத்திலிருந்து இறங்கி ஓடிவிடலாம். ஆனால் இவரை இங்கே தனியாகத் தொங்கவிட்டு எந்த முகத்தோடு ஓடுவது?

"நிதானமா யோசிச்சே சொல்லும்மா" என்றார் மருதமுத்து, கொடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் எங்க போயிடப் போறேன்?"

கீழிருந்து யூனுஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கத்தினான்.

"இன்னும் அரை மணி நேரம், முதலாளி!"